2 அரியர், 16 ஆண்டு: கிளியரிங் அலுவலகம் ஒன்றில் போலிப் பட்டம் (நிகழ்வு ஆய்வு)

## எதைப் பற்றி

சென்னை பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகம். அங்கே பேப்பர் தூக்கி ஓடும் பையனாகச் சேர்ந்து 16 ஆண்டில் மேனேஜர் வரை போன ஒருவர், இல்லாத பி.காம். பட்டத்தை இருப்பதாகக் காட்டித்தான் உள்ளே வந்தார் என்பது 2025-இல் தெரியவந்தது. மண்ணடி, தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு பக்கம் உள்ள சின்ன அலுவலகங்களுக்குப் பணியாளர் விவகாரங்களைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். அதனால் விசாரணையை நடத்தித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவரும் நிறுவனமும் எழுதச் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். ஆளைக் காட்டிக் கொடுக்கக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

போலிச் சான்றிதழ் என்றதும் செய்தித்தாளில் வரும் போலி டாக்டர், போலி வக்கீல்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இவர் அப்படி இல்லை. வேலை நன்றாகத் தெரிந்தவர், அந்த வேலைக்குச் சட்டப்படி பட்டமே தேவையில்லை, பட்டத்துக்கும் அவருக்கும் நடுவில் பாக்கி இருந்தது இரண்டே பேப்பர். அந்த இரண்டு பேப்பரை 16 ஆண்டில் எழுதி முடிக்க முடியாதா என்று கேட்டால், முடியாதபடி கட்டிப்போட்டது அந்தப் பொய்தான். இதை முழுசாகப் பதிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

## பின்னணி: தொழில்

கப்பலில் சரக்கு வந்து இறங்கினால் இறக்குமதியாளர் நேராகப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட முடியாது. இன்ன சரக்கு வந்திருக்கிறது என்று கஸ்டம்ஸுக்குத் தெரிவிக்கும் பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும், சரக்கின் வகையைக் குறிக்கும் ஹெச்.எஸ். கோடு சரியாகப் போட வேண்டும், டியூட்டி கட்ட வேண்டும், சரக்கின் வகையையும் மதிப்பையும் சரிபார்க்கும் அதிகாரியான அப்ரைசர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், கன்டெய்னர் மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கம் எந்த சி.எஃப்.எஸ்.ஸில் (துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் வைக்கும் கிடங்கு) கிடக்கிறதோ அங்கே போய் எக்ஸாமினேஷனுக்கு நிற்க வேண்டும், கஸ்டம்ஸிடம் சரக்கை விடுவிக்கும் அவுட் ஆஃப் சார்ஜ் வாங்கி, ஷிப்பிங் லைனிடம் டெலிவரி ஆர்டர் வாங்கி, வண்டியை கேட்டுக்கு வெளியே எடுக்க வேண்டும். நாள் தள்ளினால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறும். இதையெல்லாம் செய்து கொடுப்பவர்தான் லைசென்ஸ் வைத்திருக்கும் கஸ்டம்ஸ் புரோக்கர். ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸைச் சுற்றி இப்படி அலுவலகங்கள் நிறைய உண்டு. காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பிள்ளைகள் பலருக்கு முதல் சம்பளம் இங்கேதான்.

இந்தத் தொழிலில் ஆளின் தகுதியை கார்டு வைத்துச் சொல்வார்கள். 2018-ஆம் ஆண்டு கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸிங் விதிமுறைப்படி, ஊழியராகச் சேரக் குறைந்தபட்சத் தகுதி பிளஸ் டூ. தேர்வு எழுதாதவருக்கு ஹெச் கார்டு, தேர்வு எழுதித் தேறியவருக்கு ஜி கார்டு. இரண்டுக்கும் பட்டம் வேண்டாம். லைசென்ஸுக்கான தேர்வு எழுதி எஃப் கார்டு வாங்கத்தான் பட்டதாரியாக இருக்க வேண்டும். ஜி கார்டில் 2 ஆண்டு அனுபவம் இருந்தால் மேற்கொண்டு தொழிற்படிப்பு எதுவும் கேட்கமாட்டார்கள். ஊழியர் செய்யும் தவறுக்கும் லைசென்ஸ்காரர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அதே விதிமுறை சொல்கிறது.

நிறுவனம் ஒரு குடும்பத்துடையது. அப்பா 70-ஐத் தாண்டியவர், எஃப் கார்டு அவரிடம்தான். மகன் கணக்கு வழக்கையும் புது கஸ்டமர்களையும் பார்க்கிறார். அலுவலகத்தில் பெரியவர், சின்னவர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

## பின்னணி: அவர்

தண்டையார்பேட்டைக்காரர். அப்பா துறைமுகத்தில் லோடுமேன். 2004-இல் வடசென்னைக் கல்லூரி ஒன்றில் பி.காம். சேர்ந்தார். 2007-இல் மூன்றாம் ஆண்டு முடிந்தபோது பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், காஸ்ட் அக்கவுண்டிங் இரண்டும் அரியர். அதே வருடம் அப்பாவுக்கு மூட்டை தூக்கும்போது முதுகில் அடிபட்டு வேலை நின்றுபோனது. கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார், கூரியர் பையன், செல்போன் கடை, அப்புறம் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் தற்காலிகமாக.

2009-இல் இந்த நிறுவனம் ஆள் எடுத்தது. விளம்பரத்தில் ‘டிகிரி’ என்று போட்டிருந்தார்கள். வந்தவர்களிடம் வாய்மொழியாகச் சொன்னது, பிளஸ் டூ என்றால் 4,500 ரூபாய், டிகிரி என்றால் 6,000. செய்யப்போகும் வேலை இருவருக்கும் ஒன்றே: காலையில் ஷிப்பிங் லைன் அலுவலகம், மதியம் கஸ்டம் ஹவுஸ், சாயங்காலம் சி.எஃப்.எஸ். இவர் பயோடேட்டாவில் ‘பி.காம்., 2007’ என்று எழுதினார். சான்றிதழ் கேட்டபோது, பெரியம்மா மகனின் புரொவிஷனல் சான்றிதழ் நகலில் பெயரை மாற்றி, அதன் ஜெராக்ஸைக் கொடுத்தார். ஒரிஜினல் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

வேலையில் கெட்டிக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 2012-இல் ஜி கார்டு தேர்வை முதல் தடவையிலேயே முடித்தார். எந்தச் சரக்குக்கு எந்த நோட்டிஃபிகேஷனில் சலுகை, எந்த கோடு போட்டால் கேள்வி வரும் என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாதவரம் பக்கம் மாட்டிக்கொண்ட கன்டெய்னர்களை ஒரு வாரம் அங்கேயே கிடந்து வெளியே எடுத்துக் கொடுத்ததைப் பெரியவர் இன்னும் சொல்கிறார். 2017-இல் மேனேஜர் ஆனார்.

## கண்ணில் பட்டது

பெரியவருக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை, நிறுவனத்தில் இன்னொருவர் எஃப் கார்டு எடுத்தால் நல்லது என்று நினைத்தார். மேனேஜரிடம் 2019-லும் 2022-லும் சொல்லியிருக்கிறார். “வேலை தலைக்கு மேல இருக்கு சார், அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று இரண்டு முறையும் பதில் வந்தது. கஸ்டம்ஸ் சட்டத்தைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய ஆள் தேர்வுக்குப் பின்வாங்குகிறாரே என்று பெரியவருக்குக் குழப்பம்தான், சந்தேகம் வரவில்லை. 2025 பிப்ரவரியில் சின்னவர், “நீங்க நிரப்ப வேண்டாம், நானே ஃபைலைப் பாத்து அப்ளிகேஷன் ரெடி பண்றேன்” என்று அவருடைய பணியாளர் ஃபைலை எடுத்தார்.

அந்த ஃபைலை நானும் பார்த்தேன். பழுப்பு அட்டை, நாடா போட்டது. மேலே 2009 பயோடேட்டா: பி.காம்., கல்லூரி என்று வடசென்னைக் கல்லூரியின் பெயர். அதன் கீழே புரொவிஷனல் சான்றிதழின் ஜெராக்ஸ், அதில் இருந்த கல்லூரியோ ஊரின் தென் கோடியில் உள்ளது. பெயர் இருந்த இடத்தில் மட்டும் எழுத்து கொஞ்சம் தடிமன். சேர்க்கைப் படிவத்தில் ‘ஒரிஜினல் சரிபார்க்கப்பட்டது’ என்ற கட்டத்தில் ஒரு டிக், பக்கத்தில் கையெழுத்து இல்லை. அடுத்து 2012-இல் ஜி கார்டுக்காகக் கொடுத்த விண்ணப்பத்தின் ஆபீஸ் காப்பி, அவர் கையெழுத்திலேயே நிரப்பியது. கல்வித் தகுதி: பிளஸ் டூ.

ஒரே ஃபைலில், ஒரே ஆள், இரண்டு தகுதி. அலுவலகத்துக்கு பி.காம்., கஸ்டம்ஸுக்கு பிளஸ் டூ. அரசாங்கத்திடம் பொய் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை, அந்தக் கார்டுக்கு அது தேவைப்படவும் இல்லை. இந்தத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 16 ஆண்டில் யாரும் படித்ததே இல்லை.

சின்னவர் நேராகக் கேட்டார். மேனேஜர் முதலில் மென்று விழுங்கினார், ஒரிஜினல் வெள்ளத்தில் போய்விட்டது என்றார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

## விசாரணை

என்னைக் கூப்பிட்டது அதற்கு அடுத்த வாரம். முதலில் மூன்று விஷயம் சொன்னேன். விசாரணை முடியும் வரை அவர் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடக் கூடாது, சம்பளத்தோடு லீவில் இருக்கட்டும். பல்கலைக்கழகத்துக்கு எழுதி உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும், அவரே ஒப்புக்கொண்டாலும் சரி, வாய் வார்த்தையை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அவர் தரப்பை எழுத்தில் வாங்க வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-வது பிரிவு, நியாயமான காரணம் இல்லாமல் ஆளை நீக்கக் கூடாது, ஒரு மாத நோட்டீஸ் வேண்டும், நோட்டீஸ் இல்லாமல் நீக்குவதானால் தவறு விசாரணையில் நிரூபணமாகியிருக்க வேண்டும் என்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சின்னவர் சுட்டிக்காட்டினார், அது சரிதான். ஆனாலும் 16 ஆண்டு உழைத்த ஒருவரை ஒரு விசாரணைகூட இல்லாமல் அனுப்புவது முறையில்லை என்று நான் நின்றேன், பெரியவரும் ஒத்துக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தின் பதில் சில வாரங்களில் வந்தது. அந்தப் பதிவு எண் வேறொரு மாணவருடையது. அத்தோடு அந்தக் கேள்வி முடிந்தது.

அவரோடு பேசியதுதான் இந்த ஆய்வில் முக்கியமான பகுதி. எதையும் மறைக்கவில்லை. 2009-இல் 1,500 ரூபாய் வித்தியாசம் அன்றைய வீட்டு நிலைமைக்குப் பெரிசு என்றார். அதை நம்பினேன். அரியரை அப்புறம் எழுதி முடித்துவிட்டால் பொய் தானாக உண்மையாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். அதையும் நம்பினேன். அப்படியானால் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

“எழுதலாம்னு 2010-ல ஃபீஸ் கட்டப் போனேன் சார். கவுன்ட்டர் வரைக்கும் போயிட்டேன். அப்பதான் தோணுச்சு, பாஸ் பண்ணா சர்டிபிகேட்ல எந்த வருஷம் வரும்? ஆபீஸ்ல 2007-ன்னு குடுத்திருக்கேன். 2010-ன்னு ஒண்ணு வந்தா அத எங்க காட்டறது, யார்கிட்ட காட்டறது? எக்ஸாமுக்கு லீவு கேட்டா என்ன எக்ஸாம்னு கேப்பாங்க. அப்படியே திரும்பி வந்துட்டேன்.”

இதை அவர் சொன்னபோது எனக்குக் கொஞ்ச நேரம் அடுத்த கேள்வி ஓடவில்லை. பட்டம் இல்லாதவனுக்குப் படித்து வாங்கும் வழி திறந்திருக்கிறது. பட்டம் இருப்பதாகச் சொன்னவனுக்கு அந்த வழி அடைபட்டுப் போகிறது, ஏனென்றால் உண்மையான பட்டம் கைக்கு வரும் நாளில்தான் பொய் வெளியே வரும். ஒவ்வொரு வருடமும் இது இன்னும் இறுகும். 2011-இல் கல்யாணம், பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று அச்சாகிவிட்டது. பெண் வீட்டார் அதைப் பார்த்துத்தான் பேசினார்கள், மனைவிக்கு 2025 வரை தெரியாது. 2017-இல் மேனேஜர் விசிட்டிங் கார்டு. பணம் கொடுத்தால் அரியரை முடித்துத் தருகிறேன் என்று இடைத்தரகர் ஒருவர் பிராட்வேயில் அணுகியிருக்கிறார், இவர் போகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியில் சேராமலேயே 117 பேர் தேர்வு எழுதிய விவகாரம் 2021 கடைசியில் வெளியே வந்தபோது, தன் பெயரும் எங்கோ வந்துவிடும் என்று சம்பந்தமே இல்லாமல் பயந்து பல நாள் தூங்கவில்லை என்றார்.

இது வடசென்னைப் பையனுக்கு மட்டும் நேர்வது இல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவர் சேர்க்கைப் பிரிவின் தலைவராக இருந்த மேரிலி ஜோன்ஸ், 1979-இல் வேலைக்குச் சேரும்போது இல்லாத பட்டங்களைச் சொல்லியிருந்தார் என்பது 2007-இல் வெளியாகி, 28 ஆண்டு வேலையை விட்டு விலகினார். நடுவில் பதவி உயர்ந்த ஒவ்வொரு முறையும் திருத்திக்கொள்ள இடம் இருந்தது, திருத்தவில்லை. திருத்த முடியாத நிலைக்கு ஆளைக் கொண்டுபோவதுதான் இந்தப் பொய்யின் குணம்.

## இழந்தது யார்

நல்ல வேலைக்காரர், யாருக்கு என்ன நஷ்டம் என்று அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். பெரியவருக்கும் உள்ளுக்குள் அந்த எண்ணம்தான். அதனால் 2017 பதவி உயர்வுக் குறிப்பைத் தேடி எடுத்தேன்.

போட்டியில் இருவர் இருந்திருக்கிறார்கள். இன்னொருவர் கொருக்குப்பேட்டையைச் சேர்ந்த ஒரு பெண், 2010-இல் சேர்ந்தவர், 2015-இல் ஜி கார்டு எடுத்தவர். குறிப்பில் பெரியவர் கைப்பட எழுதியிருந்தது: இருவரும் சமமான திறமை, இருவரும் பட்டதாரி, அவர் 2007, இவர் 2013, ஆகவே மூத்தவருக்கு.

அந்த 2013-க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தப் பெண்ணும் பி.காம். அரியரோடுதான் சேர்ந்தார், பயோடேட்டாவில் ‘தேர்வு நிலுவை’ என்று எழுதியிருந்தார், அதனால் பிளஸ் டூ சம்பளத்தில்தான் தொடங்கினார். என்னிடம் பேசும்போது குரலை உயர்த்தவே இல்லை.

“எனக்கும் மூணு பேப்பர் இருந்துச்சு சார். ஒவ்வொரு தடவையும் லீவு போட்டுட்டுப் போய் எழுதினேன், சம்பளம் புடிச்சாங்க. அந்த லீவு லெட்டர்ல எல்லாம் அண்ணாதான் கையெழுத்துப் போடுவாரு. நல்லா எழுதும்மான்னு சொல்லி அனுப்புவாரு. அவருக்கும் அரியர்னு எனக்கு எப்படித் தெரியும்?”

2017-இலிருந்து மேனேஜருக்கும் அவருக்கும் இருந்த சம்பள வித்தியாசத்தை எட்டு ஆண்டுக்குப் போட்டுப் பார்த்துச் சின்னவர் பேசாமல் இருந்தார். அதற்கப்புறம் யார் நஷ்டப்பட்டார்கள் என்று அந்த அலுவலகத்தில் கேள்வி எழவில்லை.

இரண்டாவது, டெண்டர். 2023-இல் ஒரு பெரிய இறக்குமதியாளரின் டெண்டருக்கு நிறுவனம் விண்ணப்பித்தபோது முக்கிய ஊழியர்கள் பட்டியலில் இவர் பெயரை பி.காம். என்று சேர்த்து, நிறுவனத்தின் முத்திரையோடு கொடுத்திருந்தார்கள். அதுவரை ஒரு ஆளின் பொய், அன்றிலிருந்து நிறுவனத்தின் எழுத்துமூல அறிவிப்பு.

## எடுத்த முடிவுகள், காரணங்கள்

மேனேஜராக நீடிக்க முடியாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பெரியவர், பதவியைக் குறைத்து ஜி கார்டு ஊழியராக வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் வேண்டாம் என்றேன். அந்தப் பெண் மேனேஜராக வேண்டும், அவருக்குக் கீழே இவர், சுற்றிலும் கதை தெரிந்தவர்கள். அது இருவருக்கும் தினம் தினம் தண்டனை. ராஜினாமாவை வாங்கிக்கொள்வது என்று முடிவானது. விசாரணை அறிக்கையில் நடந்தது நடந்தபடி எழுதி, அவரும் கையெழுத்திட்டார்.

அவர் கையாண்ட ஃபைல்களைச் சோதிக்க வேண்டும் என்று சின்னவர் கேட்டது நியாயம். கடைசி 3 ஆண்டு பில் ஆஃப் என்ட்ரிகளில் இருந்து மாதிரி எடுத்து வெளி ஆள் ஒருவரை வைத்துப் பார்த்தோம். வகைப்படுத்தல், மதிப்பு, டியூட்டி எதிலும் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. அதையும் அறிக்கையில் எழுதினோம், அது அவருக்குச் சேர வேண்டிய நியாயம்.

போலீஸ் புகார். 2009-இல் செய்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 468, 471 பிரிவுகளில் வரும். ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரித்தால் 7 ஆண்டு வரை சிறை. இப்போது அதே குற்றங்கள் பாரதிய நியாய சன்ஹிதாவில் 336, 340. சின்னவர் கொடுத்தே ஆக வேண்டும் என்றார், பெரியவர் கூடவே கூடாது என்றார். என் கருத்து: பொதுமக்கள் உயிருக்கோ பணத்துக்கோ ஆபத்து உண்டாக்கும் வேலை என்றால் யோசிக்காமல் புகார் கொடுக்கச் சொல்லியிருப்பேன். இங்கே அவர் செய்த வேலைக்குச் சட்டம் கேட்ட தகுதி அவரிடம் இருந்தது. எஃப் கார்டுக்கு இந்தச் சான்றிதழை வைத்து அவர் விண்ணப்பிக்கவும் இல்லை, இரண்டு முறை தள்ளிப் போட்டிருக்கிறார். புகார் கொடுப்பதில்லை என்று முடிந்தது. சின்னவர் அரைமனதோடுதான் ஒத்துக்கொண்டார்.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடைதான் அதிகம் இழுத்தது. கடைசி அடிப்படைச் சம்பளம் 31,200, சேவை 16 ஆண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கும் கணக்கில் ஆண்டுக்கு 18,000, மொத்தம் 2,88,000 ரூபாய். அந்த நேரத்தில்தான், 2025 பிப்ரவரி 17-இல், வெஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. போலிப் பிறந்த தேதிச் சான்று கொடுத்து வேலையில் சேர்ந்தவரின் கிராஜுவிட்டியை முழுசாகப் பறித்தது செல்லும், அதற்குக் குற்றவியல் நீதிமன்றத் தண்டனை தேவையில்லை என்பது தீர்ப்பு. தண்டனை வேண்டும் என்று 2018-இல் யூனியன் வங்கி வழக்கில் சொன்னதிலிருந்து இது மாறுபட்டது. சின்னவர் தீர்ப்பின் பிரிண்ட் அவுட்டோடு வந்தார்.

நான் சொன்னது இவ்வளவுதான்: பறிக்க அதிகாரம் இருக்கிறது, பறித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அப்போது நடப்பில் இருந்த 1972 கிராஜுவிட்டிச் சட்டத்தின் 4(6) பிரிவு ‘முழுவதுமாகவோ பகுதியாகவோ’ என்றது. அதே தீர்ப்பிலேயே பஸ் கண்டக்டர்கள் விஷயத்தில் 25 சதவீதம் மட்டும் பிடித்தால் போதும் என்று குறைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு கேஸையும் அதன் தராசில்தான் நிறுக்க வேண்டும். நிறுவனமும் ஒரிஜினல் பார்க்காமலே டிக் போட்டிருக்கிறது, பிளஸ் டூ வேலைக்கு டிகிரி கேட்டிருக்கிறது. 16 ஆண்டு வேலை பொய் இல்லை, அதற்கான பணமும் அவருடையது. முழுத் தொகையும் கொடுக்கப்பட்டது. பி.எஃப். பணத்தில் கை வைக்கும் பேச்சே எழவில்லை.

டெண்டர் கொடுத்த இறக்குமதியாளருக்கு உண்மையைக் கடிதமாக எழுதச் சொன்னேன். கான்ட்ராக்ட் போய்விடும் என்று பயந்தார்கள். அவர்களாகக் கண்டுபிடித்து வந்தால் லைசென்ஸ் வரைக்கும் பேச்சு போகும் என்று சொன்னதும் எழுதினார்கள்.

கடைசியாக, அவரைப் பற்றி வெளியில் யாராவது விசாரித்தால் என்ன சொல்வது? வேலை செய்த காலம், பதவி, ஜி கார்டு, ‘சரிபார்த்த கல்வித் தகுதி: பிளஸ் டூ’. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதை அவரிடமும் எழுதிக் கொடுத்தோம்.

## பிறகு நடந்தது

இறக்குமதியாளர் விளக்கம் கேட்டார், ஆளை மாற்றச் சொன்னார், கான்ட்ராக்டைத் தொடர்ந்தார். அந்தப் பெண் ஜூனில் மேனேஜர் ஆனார். பழைய எட்டு ஆண்டுக்குப் பணமாக எதுவும் தரவில்லை, தொடக்கச் சம்பளத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார்கள். அது போதாது என்பது என் கருத்து, சொல்லியும் பார்த்தேன். எஃப் கார்டு தேர்வுக்கு இப்போது அவர்தான் படிக்கிறார்.

ராஜினாமா செய்தவர் மூன்று மாதம் வீட்டில் இருந்தார். மனைவி பேச்சை நிறுத்திவிட்டதாகவும், மாமனார் வீட்டுப் பக்கம் போக முடியவில்லை என்றும் சொன்னார். அப்புறம் மாதவரம் பக்கம் ஒரு சின்ன கிளியரிங் அலுவலகத்தில் ஜி கார்டு ஊழியராகச் சேர்ந்தார், சம்பளம் முன்பு வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்த முதலாளி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினேன். “பிளஸ் டூன்னுதான் எங்ககிட்டயும் சொன்னாரு, வேல தெரிஞ்சா போதும் சார்” என்றார்.

பழைய அரியரை எழுதப் பல்கலைக்கழகத்தில் விசாரித்திருக்கிறார். அவர் படித்த பாடத்திட்டம் மாறிவிட்டது, பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு அறிவிக்கும்போதுதான் இணையான பேப்பர் எழுத முடியும். அறிவிப்புக்குக் காத்திருக்கிறார். ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு ஒரு காலேஜ் பையனிடம் சனிக்கிழமைகளில் டியூஷன் போகிறார்.

## என்ன மாற்றினோம், என்ன மாற வேண்டும்

ஒரிஜினலைப் பார்த்தவர் பெயரும் தேதியும் எழுதாமல் யாரையும் சேர்ப்பதில்லை. பதவி உயர்வின்போது மறுபடி ஒருமுறை ஃபைலைப் பார்ப்பார்கள். பட்டத்தால் மட்டும் சம்பளமோ பதவியோ கூடுகிறது என்றால் பல்கலைக்கழகத்தில் உண்மைத்தன்மை கேட்கப்படும். இவ்வளவும் எல்லா அலுவலகத்திலும் சொல்வதுதான்.

நான் பிடிவாதமாக நின்றது சேர்க்கைப் படிவத்தில். இதுவரை ‘கல்வித் தகுதி’ என்று ஒரே ஒரு கட்டம்தான். மூன்று வருடம் படித்து இரண்டு பேப்பர் பாக்கி வைத்தவன் அதில் என்ன எழுதுவான்? பிளஸ் டூ என்று எழுதினால் மூன்று வருடம் போச்சு, பி.காம். என்று எழுதினால் பொய். இப்போது இரண்டு கட்டம்: ‘முடித்தது’, ‘படித்து நிலுவையில் உள்ளது, எத்தனை பேப்பர்’. நிலுவை உள்ளவருக்குத் தேர்வு நாளில் சம்பளத்தோடு லீவு, தேர்வுக் கட்டணத்தை நிறுவனம் கட்டும். புதிய படிவம் வந்தபோது, ஏற்கெனவே இருப்பவர்களும் தவறாகக் கொடுத்திருந்தால் ஒரு மாதத்துக்குள் திருத்திக்கொள்ளலாம், வேலை போகாது என்று சுற்றறிக்கை விட்டோம். சின்னவருக்கு இதில் விருப்பமில்லை, பொய்க்குப் பரிசா என்று கேட்டார். பரிசு இல்லை, கூடுதலாக வாங்கிய சம்பளம் அந்த மாதத்தோடு நிற்கும் என்று சொன்ன பிறகு சரி என்றார். ஒருவர் வந்தார். டைப்பிங் ஹையர் என்று எழுதியிருந்தார், லோயர்தான் முடித்திருந்தார். திருத்திக்கொடுத்துவிட்டுத் தொடர்கிறார்.

பிளஸ் டூ போதுமான வேலைக்கு விளம்பரத்திலும் பிளஸ் டூ என்றே போடச் சொன்னேன். ஆகஸ்டில் இரண்டு பேர் தேவைப்பட்டபோது அப்படியே போட்டார்கள். டிகிரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடக்கச் சம்பளம் ஒன்று, ஜி கார்டு எடுத்தால் ஏறும்.